எத்தனாவது தடவை

மே 15, புதன்

நேற்றோடு பரீட்சை முடிந்தது. சி.ஏ. ஃபைனல். முடிவு ஜூலை இரண்டாம் வாரத்தில் வரும். அதுவரை அந்த விஷயத்தைப் பற்றி இந்த டயரியில் ஒரு வரி எழுதுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன். ஆபீசில் ஒரு மாதம் லீவு இன்னும் மிச்சமிருக்கிறது. கம்ப்யூட்டர் இருக்கிறது. தவளை இருக்கிறது. போதும்.

தவளை என்றால் ‘டர்போ தவளை’. சின்ன வயதில் டிவியில் சொருகி விளையாடுவோமே, மஞ்சள் கேசட், அதில் வரும் விளையாட்டு. ஒன்பது மாடிக் கட்டடம். அடியிலிருந்து உச்சிக்கு ஒரு தவளை குதித்துப் போகவேண்டும். வழியில் நண்டு, ஆந்தை, உருளும் பானை. பாளையங்கோட்டையில் இருபத்தெட்டு வயதுப் பெண், பாதி ஆடிட்டர், இதைப் போய் உட்கார்ந்து விளையாடுகிறாளா என்று கேட்டால், விளையாடவில்லை. செதுக்குகிறேன்.

மே 16, வியாழன்

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ‘செதுக்குகிறேன்’ என்று பெரிதாகச் சொல்லிவிட்டு விளக்காமல் விட்டிருக்கிறேன். பிற்காலத்தில் யாராவது படித்தால் பைத்தியம் என்று நினைப்பார்கள்.

விளையாட்டைக் கம்ப்யூட்டருக்குள் ஒரு நிரலில் போட்டு ஓட்டுகிறோம். அந்த நிரல் ஒரு நொடியை அறுபது துண்டாக நறுக்கித் தரும். ஒரு துண்டுக்கு ஒரு ஃபிரேம் என்று பெயர். ஒவ்வொரு ஃபிரேமிலும் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று நிதானமாக யோசித்து அழுத்தலாம். தவளை தப்பாகக் குதித்தால், முன்பு சேமித்து வைத்த இடத்துக்கு ஒரு பொத்தானில் திரும்பிப் போய் மறுபடி பார்க்கலாம். எல்லாம் சரியாக வந்தபின் மொத்தத்தையும் ஓடவிட்டால், எந்த மனிதக் கையாலும் முடியாத வேகத்தில் தவளை உச்சிக்குப் போகும். அதுதான் ‘ஓட்டம்’. கருவி வைத்துச் செய்ததென்று சொல்லித்தான் காட்டுகிறோம், அதனால் ஏமாற்று வேலை இல்லை.

எத்தனை தடவை திரும்பிப் போனோம் என்பதை அந்த நிரலே எண்ணி ஓட்டத்தோடு சேர்த்து எழுதிவைக்கும். அதைத் ‘திரும்பல்’ என்போம். இந்த உலகத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அதுதான். எங்கள் குழுவில், அதாவது ‘மஞ்ச கேசட் சங்க’த்தில், திரும்பல் கூடக்கூட மரியாதை. ‘இருபதாயிரம் திரும்பலா, அடேயப்பா, என்ன உழைப்பு’ என்பார்கள். வேறெங்கே போனாலும் எத்தனாவது தடவை என்று கேட்கிற குரலே வேறு மாதிரி இருக்கும்.

மே 18, சனி

ஜாய்ஸ் சித்தி வந்தாள். அம்மாவின் சித்தப்பா மகள், அடுத்த தெரு. ஒரு கிண்ணத்தில் மீன் குழம்பும் ஒரு கேள்வியும் கொண்டுவந்தாள்.

“ஏட்டி ஹெப்சி, இந்தத் தடவ நல்லா எழுதிருக்கியா? இது எத்தனாவது அட்டெம்ப்ட்டு?”

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா அடுக்களையிலிருந்தே பதில் சொன்னாள். “ரெண்டாவது ஜாய்ஸு. மொத தடவ காய்ச்சல்லா கெடந்தா.”

எனக்கு ஒரு தடவையும் காய்ச்சல் வரவில்லை. இது ஆறாவது. அம்மா ஒவ்வொரு தடவையும் ஊராருக்கு எண்ணிக்கையை மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறாள். மீன் குழம்பு நன்றாக இருந்தது. அந்த விஷயத்தைப் பற்றி எழுத மாட்டேன் என்று சொன்னேன் அல்லவா, இது ஜாய்ஸ் சித்தியைப் பற்றி எழுதியது.

மே 24, வெள்ளி

நான்காம் மாடி முடிந்தது. ஆந்தை கண்ணை மூடும் கணத்தில் தவளை அதன் தலைமேல் மிதித்துப் போகிறது. பத்து நாளாக இதற்குத்தான் மெனக்கெட்டேன். ஆனந்தத்தில் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“தவள போச்சு” என்றார்.

“எவ்வளவு வேகமாப் போச்சு பாத்தீங்களாப்பா?”

“நான் கண்ணாடி போடலையே.” போய்க் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்து மறுபடி பார்த்தார். “ஆமா. போச்சு.”

மே 25, சனி

துணி துவைத்தேன். தவளை ஐந்தாம் மாடியில் நிற்கிறது.

மே 30, வியாழன்

பாக்கியநாதன் அண்ணாச்சி குழுவில் அறிவிப்புப் போட்டிருக்கிறார். அவர்தான் சங்கத் தலைவர். ஊர் திசையன்விளை, மதுரையில் மின்விசிறிக் கடை. ஜூன் 29 சனிக்கிழமை மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். இந்த வருட விளையாட்டு டர்போ தவளை. வருகிற ஓட்டங்களில் மிகச் சிறந்த ஒன்றைப் பெரிய திரையில் போட்டு, செய்தவரையே மைக்கில் விளக்கச் சொல்வார்களாம்.

கூடவே ஒரு புது விதி. திரும்பல் பத்தாயிரத்துக்குக் குறைந்தால் அந்த ஓட்டத்தைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ‘அரைகுறையாகச் செய்து அனுப்புவதைத் தடுக்க’ என்று காரணம் போட்டிருக்கிறார். நான் முதல் ஆளாகக் கைதட்டினேன்.

அந்தத் திரை எனக்கு வேண்டும். வெட்கப்படாமல் எழுதிவிடுகிறேன். அறுபது எழுபது பேர் உட்கார்ந்திருக்க, ‘ஹெப்சிபா, இத்தனை ஆயிரம் தடவை முயன்றவர்’ என்று ஒருவர் மைக்கில் சொல்ல, அதற்கு எல்லோரும் கைதட்ட வேண்டும். ஒரு தடவை. அவ்வளவுதான்.

ஜூன் 2, ஞாயிறு

இன்று நடந்ததை நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

சர்ச் முடிந்து வந்ததும் அம்மா என் மேசையில் உட்கார்ந்து பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் பாட்டுப் பழகினாள். பிறகு கீர்த்தனைப் புத்தகத்தை அப்படியே கீபோர்டின் மேல் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். தடித்த புத்தகம். அதன் முனை சரியாகத் திரும்பல் பொத்தானை அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. நான் சாப்பிட்டு, தூங்கி, எழுந்து காபியோடு வந்து பார்த்தால் தவளை ஒரே இடத்தில் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருக்கிறது. காலையில் திரும்பல் நாற்பத்தாறாயிரம். இப்போது ஒரு லட்சத்து இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டது!

ஓட்டத்துக்கு ஒரு சேதமும் இல்லை. எண்ணிக்கை மட்டும்தான் ஏறியிருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன்.

“நான் என்னத்தட்டி கண்டேன். புஸ்தகம் வைக்கதுக்கு ஒரு எடம் உண்டா இந்த வீட்ல?”

எண்ணைத் திருத்த ஏதோ வழி இருக்குமாம். எனக்குத் தெரியாது. தேடவும் நேரமில்லை. ஐந்தாம் மாடியில் வேலை தலைக்குமேல் கிடக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

முடிந்தது! ஒன்பது மாடியும்! இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்து, பகலுணவுக்கு முன்பே அனுப்பிவிட்டேன்.

மாலைக்குள் குழுவில் அமளி. ‘ஒரு லட்சத்து அறுபதாயிரம் திரும்பலா!’ ‘மனுசியா மிஷினா!’ ‘இவங்களுக்குச் சிலை வைக்கணும்.’ அண்ணாச்சி ஒரு குரல் செய்தியே அனுப்பினார்: “எம்மா ஹெப்சிபா, இதுலா உழைப்பு. இத பாத்து மத்தவன்லாம் திருந்தணும்.”

நன்றி என்று எழுதிக் கைகூப்பும் படம் போட்டேன். கீர்த்தனைப் புத்தகத்தைப் பற்றி எழுத நினைத்தேன். அப்புறம், பாதி திரும்பல் நான் செய்ததுதானே, புத்தகம் செய்ததும் என் மேசையில்தானே என்று விட்டுவிட்டேன். முருங்கைக்கீரை உருவிக் கொடுத்தேன். அம்மா ஆச்சரியப்பட்டாள்.

ஜூன் 12, புதன்

ஒரு மாட்டு டாக்டர் வந்து சேர்ந்திருக்கிறார். கோவில்பட்டி அரசு கால்நடை மருத்துவமனையில் வேலையாம். பெயர் செண்பகராமன். அவரும் டர்போ தவளை அனுப்பியிருக்கிறார். என்னுடையதைவிட இரண்டு ஃபிரேம் வேகம். திரும்பல் எண்ணூற்றுச் சொச்சம்.

எண்ணூறு! நான் முதல் மாடியில் முதல் பானையைத் தாண்டவே எண்ணூறு ஆயிற்று.

விதிப்படி அது சேராது. ஆனால் இரண்டு ஃபிரேம் வேகமான ஓட்டத்தை எப்படித் தள்ளுவது என்று குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. நான் கண்ணியமாகத்தான் ஆரம்பித்தேன். ‘எண்ணூறில் யாரும் இதைச் செதுக்கியிருக்க முடியாது, இன்னும் திருத்த நிறைய இடமிருக்கும், அதற்காகத்தான் விதி’ என்று எழுதினேன். அதற்கு அந்த மனிதர் எழுதுகிறார்:

‘மேடம், ஒரு மாட்டுக்கு எத்தன ஊசி போட்டேன்னு வச்சு வைத்தியம் நல்லதான்னு சொல்ல முடியுமா? மாடு எந்திரிச்சு நிக்குதான்னுதான பாக்கணும்?’

குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் விடவில்லை. ‘டாக்டர் சார், ஊசியே போடாம எந்திரிச்ச மாட்டுக்கு மொதல்ல நோய் இருந்துச்சான்னு நான் கேப்பேன்’ என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அவர் ஒரு மாட்டுப் படம் அனுப்பினார். மாடு நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 13, வியாழன்

பகல் முழுக்கக் குழுவில் சண்டை. ஒருவர் சொல்கிறார், யோசிக்காமல் அழுத்துகிறவனுக்குத்தான் திரும்பல் கூடும். இன்னொருவர், பெரிய விளையாட்டுக்குக் கூடத்தான் வரும், சின்னதுக்குக் குறையத்தான் வரும், இரண்டையும் ஒரே படியால் அளக்கலாமா என்கிறார். ஒரு கல்லூரிப் பையன், நிரலுக்கு ஒரு கட்டளை எழுதிவிட்டால் அதுவே கோடித் தடவை திரும்பிப் பார்க்கும், அப்படி வந்த கோடியும் உழைப்பா என்கிறான். அந்தக் கேள்விக்கு மட்டும் நான் பதில் எழுதவில்லை. கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மாட்டு டாக்டர் இன்று பகல் இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை ஒன்றும் எழுதவில்லை. ஏதோ மாட்டுக்குப் பிரசவமாக இருக்கும்.

ஜூன் 14, வெள்ளி

அண்ணாச்சி போன் செய்தார். எனக்கு நல்ல காலமா கெட்ட காலமா தெரியவில்லை.

“எம்மா, நீ ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கேல்லா? டாக்டர் ஃபைல நீயே தணிக்க பண்ணிச் சொல்லும்மா.”

“அண்ணாச்சி, போட்டியே நானும் அவரும்தான. நானே எப்படிப் பாக்கது?”

“அதுக்குத்தான் ஒன்ட்ட குடுக்கேன். நீ சரின்னு சொல்லிட்டா ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான். சரியில்லன்னாலும் காரணத்தோட சொல்லுவ.”

எங்கள் ஆபீசில் இப்படி ஒரு வேலையை யாராவது எடுத்தால் பெரியவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு முறைப்பார். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். அந்த ஓட்டத்தை ஃபிரேம் ஃபிரேமாகப் பார்க்க எனக்கும் கை துறுதுறுத்துக்கொண்டிருந்தது.

ஜூன் 15, சனி

பார்த்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது, அழகாக இருக்கிறது.

என் கம்ப்யூட்டரில் போட்டும் பிசகாமல் ஓடியது. ஏமாற்று எதுவும் இல்லை. ஏழாம் மாடியில்தான் அந்த இரண்டு ஃபிரேம். அங்கே ஒரு நண்டு உண்டு. நான் நண்டுக்கு முன்னால் தாவி ஓடிவிடுகிறேன். அவருடைய தவளை என்ன செய்கிறது தெரியுமா? சும்மா நிற்கிறது. வேக ஓட்டத்தில் யாராவது நிற்பார்களா? இவர் நிற்கிறார். நண்டு திரும்பிப் பார்க்கிறது, அதன் முதுகு மேலேறுகிறது, தவளை அந்த முதுகில் கால் வைத்து இரண்டு மேடையை ஒரே தாவலில் தாண்டிவிடுகிறது. நின்ற நேரத்துக்கு மேல் மிச்சம் பிடித்துவிட்டது.

மூன்று முறை பார்த்தேன். பொறாமையாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் வேறொன்று உறுத்தியது.

அந்த நண்டு எப்போது முதுகைத் தூக்கும் என்பது எங்கேயும் எழுதியிருக்கவில்லை. யோசித்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. நூறு விதமாக ஓடி, நூறு விதமாக நின்று, அதில் ஒன்று அமைந்தால்தான் உண்டு. ஒன்பது மாடிக்கும் சேர்த்து எண்ணூறு என்றால் அந்த நண்டு ஒன்றுக்கே பற்றாது. ரொம்பச் சுத்தமாக இருக்கும் கணக்கைக் கண்டால் எங்கள் ஆபீசில் பேனாவைக் கீழே வைக்க மாட்டோம்.

ஜூன் 16, ஞாயிறு

சர்ச் முடிந்து வந்து அவருக்குப் போன் செய்தேன். தணிக்கைக்காகத்தான்.

“டாக்டர் சார், ஹெப்சிபா பேசுதேன். ஓட்டம் சரியா இருக்கு. ஆனா அந்த எண்ணூறு சரியில்ல.”

பின்னால் ஏதோ மாடு கத்தியது. ஞாயிற்றுக்கிழமையும் மாட்டோடுதான் இருப்பார் போலிருக்கிறது.

“எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?”

“நண்டு சொல்லிச்சு.”

சிரித்துவிட்டார். பிறகு சொன்னார். ஒவ்வொரு முறை ஓட்டம் முடிந்ததும், அழுத்திய பொத்தான்களை மட்டும் எடுத்துப் புதுக் கோப்பில் போட்டுவிடுவாராம். புதுக் கோப்பில் திரும்பல் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். அங்கிருந்து திருத்துவார். இப்படி எத்தனை கோப்பு மாறியது என்று அவருக்கே நினைவில்லை. இரண்டு வருட வேலை. கடைசிக் கோப்பில் விழுந்ததுதான் அந்த எண்ணூறு.

“எதுக்கு சார் அப்படி? எங்க குழுவுல எண்ணு கூடுனாத்தான மரியாத?”

“அது எனக்கு இப்பதான தெரியும். எங்க வீட்ல எல்லாரும் ஒரே தடவைல பாஸாகுற ஆளுங்க. நான் மட்டும் காலேஜ்ல மொத வருசத்துப் பேப்பர் ஒண்ண நாலு தடவ எழுதுனேன். இன்னைக்கும் எங்க பெரியப்பா ‘எலேய் நாலு தடவ’ன்னுதான் கூப்பிடுவாரு. டாக்டரான பெறகும்! அதான், எத செஞ்சாலும் லேசா முடிச்ச மாதிரி காட்டிக்கிட வேண்டியிருக்கு.”

நான் கீர்த்தனைப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது, தணிக்கைக்குச் சம்பந்தமில்லாதது. அவர் சிரித்த சிரிப்பில் அந்த மாடு கத்துவதையே நிறுத்திவிட்டது.

“அப்ப என் எண்ணுல நான் செஞ்சதுல பாதிகூட இல்ல. ஒங்க எண்ணுல பாதி நீங்க செய்யாதது” என்றார்.

ஜூன் 17, திங்கள்

தீர்ப்பு எழுத உட்கார்ந்தேன். காலையிலிருந்து நான்கு முறை அழித்துவிட்டேன்.

எண்ணிக்கைக்கு அர்த்தமில்லை என்று எழுதினால் திரை அவருக்குப் போய்விடும். அதுகூடப் பரவாயில்லை, இரண்டு ஃபிரேம் வேகமானவருக்குப் போவது நியாயம். ஆனால் என்னை எத்தனாவது தடவை என்று கேட்டு அதற்காகக் கைதட்டுகிற இடம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதை நானே என் கையால் மூடவேண்டும். விதி இருக்கிறது, அவர் கோப்பில் பத்தாயிரம் இல்லை, சேராது என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஒருவர் வாயைத் திறக்க மாட்டார். அண்ணாச்சியே சொல்லியிருக்கிறார்.

அம்மா வந்து ஏன் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாய், ரிசல்ட் நினைப்பா என்றாள். இல்லை என்றேன். உண்மையில் இரண்டும் ஒன்றுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கூடினால் கைதட்டுவதும் கூடினால் முகம் சுளிப்பதும் ஒரே எண்ணைப் பார்த்துச் செய்கிற காரியம்தான். இரண்டு பேருமே தவளையைப் பார்ப்பதில்லை.

மாலையில் இதை அனுப்பினேன்:

‘டாக்டர் ஓட்டம் சரியானது, என்னுடையதைவிட நல்லது. ஏழாம் மாடி நண்டைப் பாருங்கள். அவருடைய எண்ணூறு பல கோப்புகளில் கடைசியாக மிஞ்சியது. என்னுடைய லட்சத்து அறுபதாயிரத்தில் பாதிக்கு அருகே எங்கள் அம்மாவின் கீர்த்தனைப் புத்தகம் செய்தது. புத்தகத்துக்கும் எனக்கும் அனுப்பிய பாராட்டுக்கு நன்றி. திரும்பல் எண்ணை வைத்து ஓட்டத்தைச் சேர்ப்பதோ தள்ளுவதோ வேண்டாம். அது எத்தனை தடவை பொத்தான் அழுந்தியது என்று மட்டும்தான் சொல்லும்.’

ஜூன் 18, செவ்வாய்

விதி போயிற்று. அண்ணாச்சியின் குரல் செய்தி: “எம்மா, ஒங்க அம்மாவுக்கு நம்ம சங்கத்துல ஒரு உறுப்பினர் அட்டை போட்டுருவமா?”

ஜூன் 27, வியாழன்

மதுரைக்குப் போட நீலச் சுடிதாரை இஸ்திரி போட்டேன். பிறகு மஞ்சளையும். பிறகு மறுபடி நீலத்தை. மண்டபத்தில் விளக்கு அப்படி இப்படி இருக்கும், அதனால்தான்.

ஜூன் 29, சனி

மதுரை. பஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது.

முதலில் டாக்டரின் ஓட்டம். அடுத்து, கேட்காமலேயே, என்னுடையதையும் போட்டார்கள். அண்ணாச்சி எங்கள் இருவர் கையிலும் மைக்கைக் கொடுத்து அவர் ஓட்டத்தை நானும் என் ஓட்டத்தை அவரும் விளக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். தன் ஓட்டம் என்றால் ஆள் அளப்பான், அடுத்தவன் ஓட்டம் என்றால் பார்த்துப் பேசுவான் என்பது அவர் கணக்கு.

ஏழாம் மாடி வந்தது. “இங்க பாருங்க, நிக்குது” என்றேன். நண்டு திரும்பியது. தவளை தாவியது. அப்போது எழுந்த கைதட்டலில் மின்விசிறிச் சத்தம் கேட்கவில்லை. யாரும் எத்தனாவது தடவை என்று கேட்கவில்லை. எனக்கும் அது நினைவுக்கு வரவில்லை, இப்போது எழுதும்போதுதான் வருகிறது.

அவர் என் நான்காம் மாடி ஆந்தையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார். ஆந்தை கண் மூடுவதை மாட்டு டாக்டருக்கே உரிய அக்கறையோடு விளக்கினார். ஆள் நான் நினைத்ததைவிட உயரம். நீலம் போட்டது சரிதான்.

ஜூலை 10, புதன்

நாளைக்கு அது வருகிறது. வேறு ஒன்றும் எழுத வரவில்லை.

ஜூலை 11, வியாழன்

பாஸ்.

பாஸ்! அப்பா கண்ணாடி இல்லாமலேயே பார்த்து “வந்துட்டு” என்றார். அம்மா அழுதாள், பிறகு உடனே போனை எடுத்தாள். முதல் அழைப்பு ஜாய்ஸ் சித்திக்கு. “ரெண்டாவது தடவைலயே முடிச்சிட்டா ஜாய்ஸு!” நான் கோவில்பட்டிக்கு ஒரு செய்தி அனுப்பினேன். பதிலுக்கு ஐந்து மாட்டுப் படம் வந்தது.

ஜூலை 13, சனி

நாளைக்குச் சர்ச்சில் ஸ்தோத்திரக் காணிக்கை. நல்லது நடந்தால் ஒரு கவரில் காணிக்கை வைத்து, காரணத்தை மேலே எழுதிக் கொடுப்போம், போதகர் அதை ஆராதனையில் சத்தமாக வாசிப்பார். கவரில் எழுதும் வேலையை அம்மா எனக்குக் கொடுத்தாள். எழுதி ஒட்டிவிட்டேன். அம்மா வாங்கிப் பைக்குள் வைத்தாள், படித்துப் பார்க்கவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

போதகர் வாசித்தார். “சி.ஏ. இறுதித் தேர்வில், ஆறாம் முறையாக எழுதி வெற்றி பெற்ற ஹெப்சிபாவின் குடும்பத்தார் ஸ்தோத்திரக் காணிக்கை.”

முன்வரிசையில் யாரோ இருமினார்கள். ஜாய்ஸ் சித்தி மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா வேதப் புத்தகத்தைத் திறந்து, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தாள். நான் பயந்துதான் போனேன். ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

ஆராதனை முடிந்து வெளியே வேப்பமரத்தடியில் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். முதலில் பாடகர் குழுத் தலைவர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். “நானும் லைசென்ஸுக்கு எட்டுப் போடதுல அஞ்சு தடவ விழுந்தேம்மா. யார்ட்டயும் சொன்னதில்ல.” ஒரு அண்ணன் சர்வீஸ் கமிஷன் ஏழாவது தடவை எழுதப்போவதாகச் சொன்னார், தன் மனைவிக்கு நான்கென்று மட்டும்தான் தெரியுமாம். அந்த அக்கா பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். ஜாய்ஸ் சித்தி எல்லோரையும் விலக்கிக்கொண்டு வந்தாள். கேள்வி வரும் என்று நினைத்தேன். “ஏட்டி, நான் பி.எட். மூணாவதுலதான் பாஸ் பண்ணேன். ஒங்கம்மாட்ட சொல்லிராத” என்றாள். அம்மா என் பக்கத்தில்தான் நின்றாள்.

ஆட்டோவில் அம்மா வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்பு. அம்மா என் முகத்தைப் பார்க்காமலே பரிமாறினாள்.

“கோவமாம்மா?” என்றேன்.

கரண்டியைக் குழம்புச் சட்டியில் வைத்தாள். “கோவமில்லட்டி. எண்ணி எண்ணிப் பேசுனா எப்படி இருக்கும்னு ஒனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஒங்கப்பா வாரதுக்கு முன்னால பதினோரு வீட்டுக்காரவ என்னைய வந்து பாத்துட்டுப் போனாவ. பதினோரு தடவயும் அதே பச்சச் சேல. கெணத்தடில தண்ணி எடுக்கப் போனா, ‘இது எத்தனாவது?’ன்னு கேப்பாவ. ஒன்னைய யாரும் அப்படிக் கேக்கக் கூடாதுன்னுதான் நான் கொறச்சுச் சொன்னேன். இன்னைக்கு நீயே எந்திரிச்சுச் சொன்ன மாதிரி சொல்லிட்ட. எனக்கு அப்படித் தோணாமப் போச்சு.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “பன்னெண்டாவதுதான் ஒங்கப்பா. போதுமா?”

எழுந்து போய் அம்மாவைக் கட்டிக்கொண்டேன், எச்சில் கையோடு. இத்தனை நாள் என் எண்ணிக்கைக்கு வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா வாயில் இருந்த எலும்பை எடுத்துத் தட்டில் வைத்தார்.

“பன்னெண்டாவதா? என்ட்ட மூணாவதுன்னுல்லா சொன்ன!”

அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வர வர சிரிக்கிறாள். அப்பா அவளைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், பிறகு எலும்பை என் பக்கம் நீட்டிச் சொன்னார்:

“முப்பது வருசமாக் கணக்க மாத்திக் காட்டிருக்கா. ஏட்டி ஆடிட்டரு, மொதல்ல இத விசாரி.”